பதினாறு கோடுகள்

ஓர் அங்குலத்தில் எத்தனை சின்னக் கோடுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமலே கற்பித்தேன். அது கவனக்குறைவு. தெரிந்த பிறகும் இருபது நிமிடம் பிழையையே கற்பித்தேன். அதற்குக் கவனக்குறைவு என்று பெயரில்லை. அதன் பெயரை நீங்கள் முடிவு செய்யுங்கள். நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

2001 பெப்ரவரி. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோ. ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும் ஆங்கில வகுப்பு. கனடாவுக்குப் புதிதாக வந்த பெரியவர்களுக்காக மத்திய அரசு 1992இல் தொடங்கிய லிங்க் திட்டத்தின் கீழ் நடந்தது. பதினெட்டுப் பேர். பாதிப் பேர் எங்கள் ஆட்கள். மிச்சப்பேர் சீனா, ஆப்கானிஸ்தான், சோமாலியா என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் பகலில் வேலை செய்துவிட்டு வருவார்கள். சிலருடைய கைகளில் பசையின் வாசம் இருக்கும். சிலர் முதல் அரை மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே போராடுவார்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். கனடாவுக்கு வந்த முதல் இரண்டு வருடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அந்த இரண்டு வருடத்தை ஊரில் யாருக்கும் எழுதவில்லை. பிறகு இரவிரவாகப் படித்து, பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் எடுத்து, இந்த வகுப்புக்கு வந்தேன். தொழிற்சாலையின் தலைவலை, காதடைப்பான், மேற்பார்வையாளரின் சத்தம் எல்லாவற்றையும் விட்டுத் தப்பியதாக நினைத்தேன். அந்த உலகத்துச் சொற்கள் எதையும் என் வகுப்புக்குள் விட எனக்கு விருப்பமில்லை. இறந்தகால வினைமுற்றுகள் கற்பித்தேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எங்கே 'ஏ' வரும், எங்கே 'த' வரும் என்று கற்பித்தேன். நன்றாகவே கற்பித்தேன். ஆனால் என் மாணவர்கள் கேட்டது அதையல்ல.

அவர்கள் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். 'குவாட்டர்' என்றால் கால் என்றீர்கள், பேருந்துக்குப் போடும் இருபத்தைந்து சத நாணயமும் குவாட்டர் என்கிறார்கள், வேலையில் மூன்று மாதத்தையும் குவாட்டர் என்கிறார்கள், எது சரி? 'ஹாஃப் அன் இஞ்ச்' என்பதும் 'அன் இஞ்ச் அண்ட் எ ஹாஃப்' என்பதும் ஒன்றா? தமிழில் அரை என்றும் ஒன்றரை என்றும் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதே சொற்கள் இடம் மாறி நிற்கின்றன. அரை அங்குலம் கேட்டவனுக்கு ஒன்றரை அங்குலத்தை வெட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும், "அது கணக்கு. இது மொழி வகுப்பு" என்று சொல்லிவிடுவேன். சொல்லும்போது ஒரு சின்னச் சந்தோசம்கூட இருந்தது.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வேலைத்தள ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். அளவைகளும் அதில் அடங்கும். வகுப்பைப் பார்வையிட ஒரு திட்ட அதிகாரி வருவார். என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

அதே கிழமை ஒரு தம்பி வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். இருபத்தாறு வயதிருக்கும். வன்னியில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தவன், சண்டையால் பரீட்சை எழுதாமலே வந்தவன். ஒரு ஏஜென்சி மூலமாகச் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் பலகை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

"ரீச்சர், அடுத்த மாசம் என்னை வாளுக்குப் போடப்போறாங்களாம். மணிக்கு ஒம்பதரை டொலர். அளக்கிற ரேப் வாசிக்கத் தெரியுமோ எண்டு கேட்டவங்கள். ஓமெண்டிட்டன்."

"தெரியுமோ?"

"தெரியாது ரீச்சர். நீங்கள் படிப்பிப்பீங்கள்தானே எண்டுதான் ஓமெண்டனான்."

என்னை நம்பி அவன் அந்த ஓமைச் சொன்னான். ஒன்ராறியோவில் அப்போது அடிப்படைச் சம்பளம் மணிக்கு 6 டொலர் 85 சதம். ஒன்பதரை என்பது பெரிய தொகை. நானும் ஓம் என்றேன்.

பாடம் தயாரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. நீளம், அகலம், ஆழம், தடிப்பு, விளிம்பு என்று சொற்பட்டியல் போட்டேன். பயிற்சித் தாளில் ஓர் அங்குலத்தைப் பெரிதாக வரைந்தேன். அதைப் பத்துச் சம பாகமாகப் பிரித்தேன். ஏன் பத்து? நான் பள்ளிக்கூடத்தில் பிடித்த அடிமட்டத்தில் சென்ரிமீற்றர் பக்கம்தான் எங்களுக்குப் பாவனை. ஒரு சென்ரிமீற்றருக்குப் பத்துச் சின்னக் கோடு. மறுபக்கத்து அங்குலத்தை நான் வாழ்நாளில் கூர்ந்து பார்த்ததில்லை. அதுவும் பத்தாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தன் பாட்டுக்கு வரைந்தது.

படத்துக்குக் கீழே ஓர் உதாரணமும் எழுதினேன். முக்கால் என்றால் 0.75. ஆகவே ஏழரைக் கோடு.

எங்கள் குசினி லாச்சியில் ஓர் அளவு நாடா கிடந்தது. நான் இருந்த கதிரையிலிருந்து ஐந்து எட்டு. எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அந்த நேரத்தை வேறொன்றுக்குச் செலவழித்தேன். அதிகாரிக்கு முன்னால் சொல்ல ஒரு நல்ல கதை தயார் செய்தேன்.

கதை இதுதான். கனடா 1970களில் மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. 1975இல் வானிலை அறிக்கை செல்சியசுக்கு வந்தது. 1977இல் வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு வந்தன. மாற்றத்தை நடத்திய ஆணையத்தை 1985இல் மூடிவிட்டார்கள். மாற்றம் பாதி வழியில் நின்றது. அதனால்தான் இன்றும் பாலை லீற்றரில் வாங்குகிறோம், பலகையை அங்குலத்தில் வாங்குகிறோம். அந்தப் பாதி வழியில் 1983 ஜூலை 23 அன்று எயர் கனடாவின் புதிய போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. தேவைப்பட்டது 22,300 கிலோ. தாங்கியில் ஏற்கனவே இருந்த 7,682 லீற்றரை நிறையாக மாற்றும்போது 0.803ஆல் பெருக்கியிருக்க வேண்டும். 1.77ஆல் பெருக்கினார்கள். அது இறாத்தலுக்கான எண். வந்த விடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். இருபதாயிரம் லீற்றர் ஏற்ற வேண்டிய இடத்தில் ஐயாயிரத்துக்கும் குறைவாக ஏற்றினார்கள். விமானம் எஞ்சின் இல்லாமல் மிதந்து வந்து, மனிற்றோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறங்கியது. யாரும் சாகவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். "பாருங்கள், அலகு தெரியாத படித்தவர்கள்" என்றேன். வகுப்பும் சிரித்தது. பின்வரிசையில் இருந்த அதிகாரியும் சிரித்தார். உண்மையில் அந்த விமானத்தின் எரிபொருள் மானி பழுதாகியிருந்தது. நிறுவனத்தின் மற்ற விமானங்களில் இறாத்தல் கணக்கு, அந்தப் புது ரகத்தில் மட்டும் கிலோ. கணக்கு யாருடைய பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் கதையின் வேகம் குறைந்துவிடும்.

பிறகு வெண்பலகையில் என் அங்குலத்தை வரைந்தேன். பத்துக் கோடு. ஆறு அளவு நாடாக்களை மேசைகளுக்குக் கொடுத்தேன்.

முன்வரிசையில் ஓர் ஐயா இருந்தார். அறுபதைத் தாண்டியவர். வடமராட்சியில் ஓடாவி. கதவு, நிலை, யன்னல், கட்டில், சாமியின் வாகனம் எல்லாம் செய்தவர். அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் தட்டையாக, அகன்று இருக்கும். நாடாவைக் கையில் வாங்கியதும் அவர் அதை மற்றவர்களைப் போல இழுத்து விளையாடவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு போனார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"ரீச்சர், இதில பத்து இல்லை. பதினாறு."

"இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றேன்.

அது என் வகுப்பின் விதி. பல மொழிக்காரர் இருக்கும் வகுப்பில் அதில் ஒரு நியாயம் உண்டு. அன்று நான் அதை நியாயத்துக்காகச் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினார். உதடுகள் ஒத்திகை பார்த்தன. பிறகு சொன்னார்:

"சிக்ஸ்ரீன், ரீச்சர்."

அழுத்தம் முன்னால் விழுந்துவிட்டது. சிக்ஸ்ரி என்பது போலக் கேட்டது. நான் பாய்ந்து பிடித்தேன். "சிக்ஸ்ரி? ஓர் சிக்ஸ்ரீன்?" அவர் விழித்தார். நான் பலகைக்குத் திரும்பி இரண்டு எண்களையும் எழுதினேன். எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். முழு வகுப்பையும் எழுப்பிச் சொல்ல வைத்தேன். தேர்ரீன், தேர்ரி. ஃபோர்ரீன், ஃபோர்ரி. நைன்ரீன்வரை போனோம். பிறகு திரும்பவும் சிக்ஸ்ரீன். ஐயாவைத் தனியாக நான்கு முறை சொல்ல வைத்தேன். நான்காவது முறை மிகச் சரியாகச் சொன்னார். நான் கைதட்டினேன். அதிகாரி தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

அந்த மனிதர் அன்று வகுப்பிலிருந்த ஒரே உண்மையைச் சொன்னார். நான் அதன் உச்சரிப்பைத் திருத்தினேன்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். அவர்கள் கோரசாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கையிலும் ஒரு நாடா இருந்தது. சும்மா கீழே பார்த்தேன். கோடுகளை எண்ணினேன். பாதி தூரத்திலேயே எட்டு வந்தது. எட்டும் எட்டும் பதினாறு. என் காது சுட்டது. அவர் சொன்னது எண்ணைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. துடைப்பான் பலகைக்குக் கீழே, என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. துடைத்துவிட்டு, "நான் பிழை, ஐயா சொன்னதுதான் சரி" என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. ஏன் என்று பல வருடம் எனக்கே ஒரு பதில் சொல்லி வந்தேன். அதிகாரி இருந்தார், ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை என்று. அந்தப் பயம் உண்மைதான். ஆனால் அது பாதிதான். அதிகாரி இல்லாவிட்டாலும் நான் துடைத்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஊரில் எங்கள் வீட்டுக்குக் கதவு செய்ய வரும் ஓடாவி விறாந்தையில் ஏறமாட்டார். தேத்தண்ணி அவருக்கு வேறு குவளையில் போகும். என் அப்பாவைவிட வயதில் மூத்த அந்த மனிதரை அப்பா 'நீ' என்றுதான் கூப்பிடுவார். நான் இந்த ஐயாவை 'நீங்கள்' என்றுதான் அழைத்தேன். கனடாவில் எல்லோரும் சமம் என்று வகுப்பில் பாடமும் எடுத்தேன். ஆனால் அவர் என்னைத் திருத்தலாம் என்று எனக்குள் ஒன்று ஒப்புக்கொள்ளவில்லை. அது சாதித் திமிர். அந்தச் சொல்லை எழுத எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

ஐயா அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு நாடாவைக் காட்டி மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். "இது அரை. இது கால். இது அரைக்கால். இது வீசம்." எனக்குக் கேட்டது. "நோ தமிழ், ப்ளீஸ்" என்றேன்.

அந்த நான்கு சொற்களையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம், சிலர் மாகாணி என்பார்கள். பதினாறில் ஒன்று. அங்குல நாடாவின் கோடுகளும் இதே கணக்கில்தான் நிற்கின்றன. ஒவ்வொரு பாதிக்கும் கோடு கொஞ்சம் குட்டையாகும். எங்கள் பாட்டன்மார் கீழ்வாய் இலக்கம் என்று மனப்பாடம் செய்த கணக்கு, ரொறன்ரோவின் மரக்காலைகளில் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டுத் தச்சர்கள் அரைக்கால் அங்குலத்தை ஒரு நூல் என்பார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். ஐயாவுக்குப் புதிதாகத் தெரிய வேண்டியிருந்தது நான்கு ஆங்கிலச் சொற்கள் மட்டும். எனக்குத்தான் எல்லாமே தெரிய வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை புதிய பயிற்சித் தாளோடு போனேன். அதில் அங்குலத்துக்குப் பதினாறு கோடு இருந்தது. "இன்றைக்கு அதையே இன்னும் விரிவாகப் பார்ப்போம்" என்றேன். போன கிழமைத் தாள் பிழை என்று சொல்லவில்லை. திருப்பித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு சீனப் பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு மேசைக்குப் போனேன்.

அந்தத் தம்பி அன்று வரவில்லை. மேலதிக வேலை. இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வரவில்லை என்று அடையாளம் போட்டேன். அதே வரியில் அவனுடைய தொலைபேசி எண் இருந்தது. அதைப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வந்தபிறகு சொல்லலாம் என்று மூடி வைத்தேன்.

அவனை வாளுக்கு மாற்றிய நாள் அதற்குள் வந்துவிட்டது.

அந்த மாதிரி வேலையில் ஒவ்வொரு பலகையையும் அளப்பதில்லை. வாளிலிருந்து வேண்டிய தூரத்தில் ஒரு கட்டையைப் பூட்டுவார்கள். பலகை போய் அதில் முட்டும். வெட்டுவார்கள். அடுத்தது முட்டும். வெட்டுவார்கள். முதல் அளவு சரியென்றால் எல்லாம் சரி. முதல் அளவு பிழை என்றால் எல்லாம் பிழை. அட்டையில் இருந்தது 22 முக்கால் அங்குலம். அலுமாரித் தட்டுகள். அவன் கணக்கில் கெட்டிக்காரன். முக்கால் என்றால் 0.75, ஆகவே ஏழரைக் கோடு. 22க்குப் பிறகு ஏழு கோடு எண்ணி, எட்டாவதற்கு நடுவில் பென்சில் வைத்தான். கட்டையைப் பூட்டினான். நாற்பத்தாறு தட்டு வெட்டினான்.

பதினாறு கோட்டு நாடாவில் முக்காலுக்குப் பன்னிரண்டு கோடு போக வேண்டும். அவன் ஏழரையில் நிறுத்தினான். நாலரைக் கோடு குறைவு. கிட்டத்தட்ட ஏழு மில்லிமீற்றர். ஒரு பென்சிலின் தடிப்பு. பொருத்தும் இடத்தில் தட்டுகள் ஆணியில் நிற்காமல் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன.

மேற்பார்வையாளர் கேட்டபோது அவனிடம் ஆங்கிலம் இல்லை. நின்றான். மாலையில் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு வந்தான். எல்லோரும் போகும்வரை காத்திருந்தான்.

"ரீச்சர், அவங்களுக்கு ஒரு கடிதம் குடுக்கோணும். பிழை என்ரதுதான், இன்னொருக்கா ஒரு சந்தர்ப்பம் தாங்கோ எண்டு. இங்கிலீசில எப்பிடி எழுதுறது?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். நாலாக மடித்தது. மடிப்புகளில் மரத்தூள். என் பயிற்சித் தாள். பத்துக் கோடு.

"இதைப் பாத்துத்தான் ரீச்சர் செய்தனான். எங்கையோ எண்ணிறதில பிழை விட்டிட்டன் போல."

அவனுக்கு என்மேல் சந்தேகம் வரவே இல்லை. நான் இரண்டாவது முறையாகத் தப்பித்தது அப்போதுதான். முதல் முறை வகுப்பில், அவசரத்தில். இந்த முறை அவசரம் ஒன்றும் இல்லை. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அதிகாரி இல்லை. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. யோசிக்க வேண்டியளவு நேரம் இருந்தது. யோசித்தேன்.

"ஐ மிஸ்ரெட் த ரேப் எண்டு எழுதுங்கோ" என்றேன்.

நாடாவை நான் பிழையாக வாசித்துவிட்டேன். அவன் எழுதினான். நான் அதற்கு இலக்கணமும் சொல்லிக் கொடுத்தேன். இந்த வினைச்சொல் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே மாதிரித்தான் எழுதப்படும், சத்தம் மட்டும் மாறும், ரீட் அல்ல, ரெட். அவன் மூன்று முறை சொல்லிப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

பிறகு கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். "இது பழசு. புதுசு ஒண்டு தாறன்" என்றேன். அவன் நன்றி சொன்னான். வீட்டுக்குப் போய் அதைக் கிழித்து, தேயிலைச் சக்கையோடு போட்டேன்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனான். மணிக்கு 6 டொலர் 85 சதம். ஒன்பதரைக்கும் அதற்கும் 2 டொலர் 65 சதம் வித்தியாசம். நாற்பது மணி நேரத்துக்கு 106 டொலர். ஒவ்வொரு கிழமையும். கணக்கு என் பாடமல்ல என்று சொன்னவள் இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவனைக் கனடாவுக்கு அனுப்ப வட்டிக்கு எடுத்த காசு அப்போதும் பாதி கட்டி முடியவில்லை. தாயும் இரண்டு தங்கச்சிமாரும் வன்னியில். அந்த மாதம் எவ்வளவு அனுப்பினான், யாரிடம் கடன் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்னிடம் இருப்பதைக் கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

உணவகத்தில் வேலை மாலையில்தான். ஆகவே அவனுடைய வகுப்பும் போனது. கடைசியாக அவன் வந்த நாளில் வேலை நேர்முகத்துக்குப் பயிற்சி நடந்தது. "கடைசி வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று நான் கேட்க வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அவன் முறை வந்தது. எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஐ மிஸ்ரெட் த ரேப்" என்றான். இறந்தகாலம் சரியாக வந்திருந்தது. நான் முழுப் புள்ளி கொடுத்தேன்.

என் ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது. அதிகாரியின் அறிக்கையில், மாணவர்களின் உச்சரிப்பை உடனுக்குடன் திருத்துகிறார் என்று பாராட்டு இருந்தது. அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஐயாவிடம் போனது ஏப்ரலில். நல்ல மனம் வந்து போகவில்லை. அளவைப் பாடம் இன்னும் ஐந்து கிழமை இருந்தது. எனக்கு அந்தப் பாடம் தெரியாது. வகுப்பு முடிந்ததும், ரேப் எப்படிப் படிப்பிக்கலாம் என்று கேட்டேன். அவர் ஒரு தாளிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்தார். நடுவில் மடித்தார். "அரை." திரும்ப மடித்தார். "கால்." இன்னும் ஒரு மடிப்பு. இன்னும் ஒன்று. விரித்துக் காட்டினார். பதினாறு கட்டம். "கனக்கத் தேவையில்லை. நாலு மடிப்புத்தான்." இன்றுவரை அந்தப் பாடத்தை அப்படித்தான் கற்பிக்கிறேன். சோமாலியாக்காரருக்கும் விளங்குகிறது. ஆப்கானியருக்கும் விளங்குகிறது. சொல்லைப் பிறகு கொடுத்தால் போதும்.

அன்று அவரிடம் சொன்னேன். பெப்ரவரியில் நான் போட்டது பிழை, அப்போதே எனக்குத் தெரியும் என்று. தம்பியின் கதையைச் சொல்லவில்லை. அவ்வளவுக்குத் துணிவு வரவில்லை.

"தெரியும் பிள்ளை" என்றார். அதுவரை ரீச்சர் என்று கூப்பிட்டவர். "அண்டைக்கு நீங்கள் வாய்க்குள்ள எண்ணினதைப் பாத்தனான்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் இங்கிலீசில சொல்லச் சொன்னீங்களெல்லோ."

குத்திக்காட்டிச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று அவருடைய முகத்திலிருந்து தெரியவில்லை. தாள் துண்டை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

தம்பியை எட்டு வருடம் கழித்துத்தான் கண்டேன். 2009, ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடை. மரக்கறிப் பக்கம் நின்று முருங்கைக்காய் தெரிந்துகொண்டிருந்தேன். "ரீச்சர், மறந்திட்டீங்களோ?" என்று ஒரு குரல். தலைமயிர் கொஞ்சம் கொட்டியிருந்தது. பக்கத்தில் மனைவி. தள்ளுவண்டியில் ஒரு பெண்பிள்ளை. இன்னும் உணவகத்தில்தானாம். இப்போது சமைக்கிறானாம். அந்த வருடம் வன்னியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தாயைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"இவதான் எனக்கு இங்கிலீஸ் படிப்பிச்சவ" என்று மனைவியிடம் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "எல்லாம் மறந்து போச்சு ரீச்சர். ஒரு வசனம்தான் இன்னும் பிழையில்லாமல் வருது." பாடசாலைப் பிள்ளையைப் போல நிமிர்ந்து நின்றான். "ஐ மிஸ்ரெட் த ரேப்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், முருங்கைக்காய்களுக்கு முன்னால், ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

"உச்சரிப்பு நல்லா இருக்கு தம்பி" என்றேன்.